வேங்கடம்: எல்லையில் நிற்கும் மலை

விருப்பமொழித் தமிழ்: உரைநடைப் பாடம்

கற்றல் நோக்கங்கள்

• மலைகள் எல்லைகளாக அமைவதன் காரணங்களை அறிதல்.
• வேங்கடமலையின் இயற்கை, இலக்கிய, வரலாற்றுச் செய்திகளைத் தொகுத்துக் கூறுதல்.
• திசைச்சொல், பண்புப்பெயர்ப் புணர்ச்சி ஆகியவற்றை எடுத்துக்காட்டுடன் விளக்குதல்.

நுழையுமுன்

எல்லை என்றதும் கம்பி வேலியும் சோதனைச் சாவடியும் நம் நினைவுக்கு வருகின்றன. அவை இல்லாத காலத்தில் மக்கள் மலையையும் ஆற்றையும் கடலையும் தம் நாட்டின் எல்லையாகக் கொண்டனர். திருப்பதி நகருக்கு வடக்கே நாள்தோறும் நாம் காணும் மலை, தமிழ் வழங்கிய நிலத்தின் வட எல்லை எனப் பழந்தமிழ் நூல்களில் பெயர் பெற்ற மலையாகும். எல்லை மக்களைப் பிரிக்கிறதா, சேர்க்கிறதா என்னும் வினாவை மனத்தில் கொண்டு இப்பாடத்தைப் படியுங்கள்.

1. படியில் எழுந்த வினா

சென்ற மார்கழியில் ஒரு நாள் விடியற்காலையில் மாணவர் சிலருடன் அலிபிரியிலிருந்து திருமலைக்கு நடந்து ஏறினேன். படிகள் மொத்தம் 3,550. பாதி வழிக்கு மேல் காலிகோபுரத்தின் அருகே சற்று இளைப்பாறினோம். கீழே திருப்பதி நகரத்தின் விளக்குகள் ஒவ்வொன்றாக அணைந்துகொண்டிருந்தன. அப்போது ஒரு மாணவி கேட்டாள்:

“ஐயா, தமிழ்நிலத்தின் வட எல்லை வேங்கடம் என்று வகுப்பில் படித்தோம். இப்போது வேங்கடத்தின் மேலேயே நிற்கிறோம். அப்படியானால் எங்கள் வீடு எல்லைக்கு உள்ளே இருக்கிறதா, வெளியே இருக்கிறதா?”

அவள் சித்தூரைச் சேர்ந்த தமிழ்க் குடும்பத்துப் பெண். வீட்டில் தமிழ் பேசுவாள். தெருவில் தெலுங்கு பேசுவாள். பள்ளியில் இந்தியும் ஆங்கிலமும் படிப்பாள். விளையாட்டுத் திடலில் தோழியர் அவளை ‘அரவம்’ என்று கேலி செய்வதுண்டு. தெலுங்கில் தமிழைக் குறிக்கும் பழஞ்சொல் அது. கோடை விடுமுறையில் சென்னைக்குச் சென்றால், அவள் தமிழில் தெலுங்கு வாடை வீசுவதாகச் சித்தி மக்கள் சிரிப்பார்கள். இவற்றையெல்லாம் அவள் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். உடன் இருந்தவர்களில் ஒருவரும் சிரிக்கவில்லை.

எனக்கு உடனே விடை சொல்ல வரவில்லை. நான் கன்னியாகுமரி மாவட்டத்தில் பிறந்தவன். தென் எல்லையில் பிறந்து வட எல்லைக்குப் பணிமாற்றம் பெற்று வந்தவன். அவளுடைய வினா என்னுடைய வினாவும் ஆயிற்று. ‘எழுதித் தருகிறேன், அம்மா’ என்று கூறினேன். அவ்வாறு எழுதியதே இப்பாடம்.

2. மலையின் இயல்பு

வேங்கடம் கிழக்குத்தொடர்ச்சி மலையின் ஒரு பகுதி. இம்மலைத்தொடர் இன்று சேஷாசலம் என்று வழங்குகிறது. சேஷாத்திரி, நீலாத்திரி, கருடாத்திரி, அஞ்சனாத்திரி, விருஷபாத்திரி, நாராயணாத்திரி, வேங்கடாத்திரி என ஏழு சிகரங்களைக் கூறுவர். அதனால் இதனை ஏழுமலை என்கிறோம். திருமலைக் கோயில் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 850 மீட்டர் உயரத்தில் அமைந்துள்ளது.

கோயிலும் கடைத்தெருவும் மலைப்பாதையும் இம்மலையின் சிறு பகுதியே. அவற்றுக்கு அப்பால் விரிந்து கிடப்பது அடர்ந்த காடு. 1989ஆம் ஆண்டு இக்காட்டின் ஒரு பகுதி ஸ்ரீ வேங்கடேசுவரா தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. 2010ஆம் ஆண்டு ஏறத்தாழ 4,756 சதுர கிலோமீட்டர் பரப்பு, சேஷாசலம் உயிர்க்கோளக் காப்பகம் ஆயிற்று. சிறுத்தை, தேவாங்கு, பாறை இடுக்கில் வாழும் பொன்பல்லி ஆகியவை இக்காட்டில் உள்ளன. பனைபோலத் தோன்றும் ‘சைக்கஸ் பெட்டோமி’ என்னும் தொன்மையான செடிவகைக்கு இம்மலைப்பகுதியே இயற்கை வாழிடம். செம்மரமும் கிழக்குத்தொடர்ச்சி மலையின் தென்பகுதியில் மட்டுமே இயற்கையாக வளர்வது. அம்மரத்துக்குச் சேஷாசலமே தாய்வீடு எனலாம்.

திருமலைக்குச் செல்லும் மலைப்பாதையில் பாறைச் சரிவை உற்று நோக்குங்கள். அடியில் மிகப் பழமையான கருங்கற்பாறை. அதன்மேல் அடுக்கடுக்காக வேறொரு பாறை. மேலடுக்கை நிலவியலார் ‘நகரி குவார்ட்சைட்’ என்பர். இவ்விரு பாறைகளும் தோன்றிய காலங்களுக்கிடையே ஏறத்தாழ எண்பது கோடி ஆண்டு இடைவெளி உண்டு எனக் கணித்துள்ளனர். இவ்விடம் தேசிய நிலவியல் நினைவுச்சின்னமாகப் போற்றப்படுகிறது. மனிதர் எல்லை வகுப்பதற்கு நெடுங்காலம் முன்னரே இம்மலைக்குள் ஓர் எல்லைக்கோடு இருந்தது. அக்கோட்டில் இரு பாறைகளும் ஒன்றன்மேல் ஒன்று பொருந்தி ஒரே மலையாக நிற்கின்றன.

3. மலை ஏன் எல்லையாகிறது?

மலைகள் எல்லையாக அமைவதற்கு மூன்று காரணங்கள் கூறலாம்.

முதலாவது, மலை தொலைவிலிருந்தே கண்ணுக்குத் தெரியும். திருப்பதியிலிருந்து புத்தூர் வழியாகத் திருத்தணிக்குத் தொடர்வண்டியில் செல்வோர், ஏகாம்பரக்குப்பம் நிலையத்தை நெருங்கும்போது நகரி மலையைக் காண்பர். அதன் ஒரு முனை மனிதரின் மூக்குப்போல் நீண்டு நிற்பதால் ‘நகரி மூக்கு’ என்று பெயர் பெற்றது. அதைக் கண்டவுடன் நகரி வந்துவிட்டது என்று பயணிகள் மூட்டையை எடுத்து வைப்பர். எழுதப்படிக்கத் தெரியாதவரும் மலையைக் கண்டு ஊரை அறிவர். வழிப்போக்கர்க்கு மலையே பெயர்ப்பலகை.

இரண்டாவது, மலைமுகடு நீரைப் பிரிக்கும். முகட்டின் ஒரு புறம் பெய்த மழை ஒரு கடலையும் மறுபுறம் பெய்த மழை மற்றொரு கடலையும் சென்றடையும். இத்தகைய முகட்டை நீர்பிரிமேடு என்பர். தமிழ்நாட்டுக்கும் கேரளத்துக்கும் இடையே நிற்கும் பொதிகைமலை இதற்குத் தக்க எடுத்துக்காட்டு. அதன் கிழக்கே தாமிரபரணி ஓடி மன்னார் வளைகுடாவில் கலக்கிறது. மேற்கே நெய்யாறும் கரமனையாறும் ஓடி அரபிக்கடலில் கலக்கின்றன. அங்கு அகத்தியர் பெயரால் வழங்கும் சிகரம் 1,868 மீட்டர் உயரமுடையது.

மூன்றாவது, உயர்ந்த மலையையும் அடர்ந்த காட்டையும் கடத்தல் அரிது. நம் நாட்டின் வடகிழக்கே, நாகாலாந்துக்கும் மியன்மருக்கும் இடையிலான பன்னாட்டு எல்லையில் சாராமதி என்னும் சிகரம் உள்ளது. உயரம் 3,800 மீட்டருக்கும் மேல். சரிவெங்கும் காடு; குளிர்காலத்தில் உச்சியில் பனி. வரைபடத்தில் அம்முகட்டின்மேல் கோடு செல்கிறது. எனினும் நாகா மக்கள் அக்கோட்டின் இரு புறமும் வாழ்கின்றனர். மலை கடத்தற்கரியது; ஆயினும் மக்கள் கடந்தே வாழ்ந்துள்ளனர் என்பதைச் சாராமதியும் காட்டுகிறது.

4. இலக்கியத்தில் வேங்கடம்

தொல்காப்பியத்தின் சிறப்புப் பாயிரத்தைப் பாடியவர் பனம்பாரனார். அதில் அவர் தமிழ் வழங்கும் உலகின் வடக்கு எல்லையாக வேங்கடத்தையும் தெற்கு எல்லையாகக் குமரியையும் குறிப்பிடுகிறார். சிலப்பதிகார வேனிற்காதையும் திருமாலின் குன்றத்தை வட எல்லையாகக் கூறித் தமிழ்நாட்டின் பரப்பை வரையறுக்கிறது. அந்நூலின் காடுகாண் காதையில், மாங்காட்டு மறையோன் அம்மலையில் நின்ற கோலத்தில் விளங்கும் திருமாலின் அழகை எடுத்துரைக்கிறான்.

சங்கப் பாடல்களில் வேங்கடம் மக்கள் வாழும் இடமாகவும் காட்சியளிக்கிறது. புல்லி என்னும் தலைவனும் ஆதனுங்கன் என்னும் வள்ளலும் இம்மலைக்கு உரியவராகப் பாடப்பெற்றுள்ளனர். ஆதனுங்கனைப் புறநானூற்றில் பாடியவர் கள்ளில் ஆத்திரையனார். புல்லியின் வேங்கடத்தை அகநானூற்றில் பல பாடல்களில் பாடியவர் மாமூலனார்.

மாமூலனார் பாடல்களில் தலைவன் பொருள் தேடுவதற்காக வேங்கடத்துக்கு அப்பால் செல்கிறான். அங்கே பேசும் மொழி வேறு. அந்நிலத்தை அவர் ‘மொழிபெயர் தேயம்’ என்கிறார். மொழி மாறும் நாடு என்பது இதன் பொருள். அந்நாட்டைப் பகைவர் நாடு என்று அவர் கூறவில்லை. தலைவன் அங்குச் சென்று பொருளீட்டித் திரும்புகிறான். அகநானூற்றின் 61ஆம் பாடலில், பிரிவால் வாடும் தலைவியைத் தோழி தேற்றுகிறாள்: விழாக்கள் மிகுந்த வேங்கடமே தனக்குக் கிடைப்பதாயினும் அவன் அங்குத் தங்கிவிட மாட்டான், உன்னிடம் திரும்பி வருவான் என்கிறாள்.

இதிலிருந்து ஒன்று புலனாகிறது. நம் முன்னோர் எல்லையை அறிந்திருந்தனர்; அதைக் கடந்து செல்லும் வழியையும் அறிந்திருந்தனர். வேங்கடம் அவர்களுக்கு மதிலாக இருக்கவில்லை. ஒரு மொழி முடிந்து மற்றொரு மொழி தொடங்குவதை அறிவிக்கும் வாயிலாக இருந்தது.

பிற்காலத்தில் இரு மொழிகளும் இம்மலையில் நிலைபெற்றன. ஆழ்வார்கள் இம்மலையைத் தமிழில் பாடினர். அவர்களுள் ஒருவரான குலசேகரர் சேரநாட்டு அரசர். திருமலைக் கருவறையின் வாயிற்படி இன்றும் ‘குலசேகரப்படி’ என அவர் பெயரால் வழங்குகிறது. பத்தாம் நூற்றாண்டில் சாமவை என்னும் பல்லவ அரசி கோயிலுக்கு வெள்ளித் திருமேனி வழங்கிய செய்தி கல்வெட்டில் உள்ளது. திருமலை, திருப்பதிக் கோயில்களில் படியெடுக்கப்பட்ட ஆயிரத்துக்கும் மேற்பட்ட கல்வெட்டுகளுள் பெரும்பாலானவை தமிழில் அமைந்தவை. பதினைந்தாம் நூற்றாண்டில் கடப்பைப் பகுதியிலுள்ள தாள்ளபாக்கத்தில் பிறந்த அன்னமாச்சாரியார் இதே மலையைத் தெலுங்கில் பாடினார். அவருடைய பாடல்கள் செப்பேடுகளில் பொறிக்கப்பட்டுக் கோயிலில் பாதுகாக்கப்பட்டன. தெற்கிலிருந்து வந்த தமிழும் வடக்கிலிருந்து வந்த தெலுங்கும் ஒரே வாசலில் நின்று பாடின.

5. நகர்ந்த கோடு

ஆங்கிலேயர் ஆட்சியில் தமிழ்ப் பகுதியும் தெலுங்குப் பகுதியும் சென்னை மாகாணம் என்னும் ஒரே ஆட்சிப் பகுதிக்குள் இருந்தன. 1911ஆம் ஆண்டு வடஆர்க்காடு, கடப்பை மாவட்டங்களிலிருந்து சில பகுதிகளைப் பிரித்துச் சித்தூர் மாவட்டத்தை அமைத்தனர்.

விடுதலைக்குப் பின் மொழிவழி மாநிலக் கோரிக்கை வலுப்பெற்றது. தெலுங்கு மக்களுக்குத் தனி மாநிலம் வேண்டிச் சென்னையில் உண்ணாநோன்பு இருந்த பொட்டி ஸ்ரீராமுலு, 1952 டிசம்பர் 15ஆம் நாள் உயிர்நீத்தார். 1953 அக்டோபர் 1ஆம் நாள் ஆந்திர மாநிலம் உருவாயிற்று. சித்தூர் மாவட்டம் அம்மாநிலத்துடன் இணைக்கப்பட்டது. வேங்கடமே தமிழகத்தின் வட எல்லையாதல் வேண்டும் எனச் சிலம்புச் செல்வர் ம. பொ. சிவஞானம் போராடினார். மங்கலங்கிழார் முதலியோர் அவருக்குத் துணைநின்றனர்.

இரு மாநிலங்களுக்கும் இடையிலான எல்லையை ஆராயப் படாஸ்கர் பொறுப்பேற்றார். அவர் பரிந்துரையின்படி 1959ஆம் ஆண்டு சட்டம் இயற்றப்பட்டு, 1960 ஏப்ரல் 1ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது. திருத்தணி வட்டமும் பள்ளிப்பட்டு துணைவட்டமும் சென்னை மாநிலத்தைச் சேர்ந்தன. அவற்றுக்கு ஈடாகச் செங்கற்பட்டு, சேலம் மாவட்டங்களின் சில பகுதிகள் ஆந்திரப் பிரதேசத்துக்குச் சென்றன. சத்தியவேடு அவ்வாறு சித்தூர் மாவட்டத்துடன் சேர்ந்தது. நெடுங்காலத்துக்குப் பின், 2022 ஏப்ரல் 4ஆம் நாள், திருப்பதி தனி மாவட்டம் ஆயிற்று.

என் சொந்த மாவட்டத்தின் வரலாறும் இத்தகையதே. குமரிப்பகுதி திருவிதாங்கூரிலும் பின்னர்த் திருவிதாங்கூர்–கொச்சி மாநிலத்திலும் இருந்தது. 1956 நவம்பர் 1ஆம் நாள் தமிழகத்துடன் இணைந்தது. குடும்பம் ஊரை விட்டு நகராமலேயே ஒருவர் வேறு மாநிலத்தவர் ஆகலாம். வேங்கடமும் குமரியும் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. வரைபடத்துக் கோடுதான் இடம்பெயர்ந்தது.

6. எல்லையைக் கடப்பவை

கோடு எங்கே இருந்தாலும் சில பொருள்கள் அதைக் கடந்துகொண்டே இருக்கின்றன.

நீர்: நகரி ஆறு ஆந்திர மலைகளில் தோன்றித் தமிழ்நாட்டிற்குள் புகுந்து கொசத்தலை ஆற்றில் கலக்கிறது. அந்நீர் பூண்டி நீர்த்தேக்கத்தை அடைகிறது. ஆரணியாறு பிச்சாட்டூரைக் கடந்து தெற்கே வந்து பழவேற்காட்டருகே கடலில் சேர்கிறது. தெலுங்கு கங்கைத் திட்டத்தின் கால்வாய் வழியாகக் கண்டலேறு நீர்த்தேக்கத்திலிருந்து கிருஷ்ணை நீர் ஊத்துக்கோட்டையருகே தமிழ்நாட்டுக்குள் நுழைகிறது. 1983இல் செய்த உடன்பாட்டின் பயனாக 1996 முதல் அந்நீர் சென்னை மக்களின் தாகம் தீர்க்கிறது. சென்னையில் அவள் தமிழைக் கேட்டுச் சிரிக்கும் சித்தி மக்கள் குடிக்கும் நீரிலும் அவள் மாநிலத்து நீர் கலந்திருக்கிறது.

விலங்கு: சங்கப் புலவர் வேங்கடத்து யானைகளைப் பாடினர். இடைக்காலத்தில் நெடுங்காலம் சித்தூர்ப் பகுதியில் யானைகள் இல்லை. 1980களில் தமிழ்நாடு, கருநாடகக் காடுகளிலிருந்து அவை மீண்டும் சித்தூர் மாவட்டக் காடுகளுக்கு வந்தன. அவற்றைக் காக்க 1990இல் கௌண்டின்யா வனவிலங்குக் காப்பகம் அமைக்கப்பட்டது.

மனிதர்: பொருள் தேடி வேங்கடத்தைக் கடந்த தலைவனைப் பற்றிப் படித்தோம். இக்காலத்திலும் அப்பயணம் தொடர்கிறது. கல்விக்கும் மருத்துவத்துக்கும் வணிகத்துக்கும் வழிபாட்டுக்கும் நாள்தோறும் மக்கள் இரு புறமும் செல்கின்றனர். ஒரு துயரச் செய்தியையும் நீங்கள் அறிதல் வேண்டும். செம்மரத்துக்கு வெளிநாட்டில் உயர்ந்த விலை உண்டு. கடத்துவோர் பொருளாசை காட்டி, தமிழ்நாட்டு மலையோரச் சிற்றூர்களின் ஏழைத் தொழிலாளரை மரம் வெட்ட அழைத்து வருகின்றனர். 2015 ஏப்ரல் 7ஆம் நாள், சேஷாசலக் காட்டில் காவல்துறையினர் நடத்திய துப்பாக்கிச் சூட்டில் இருபது பேர் இறந்தனர். அவர்கள் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள். பழம்பாடலில் தோழி கூறியதுபோல் அவர்களும் திரும்பி வருவர் என்றே அவர்கள் வீட்டார் காத்திருந்திருப்பர். மரமும் காக்கப்பட வேண்டும். வறுமையால் மலையேறும் மனிதர் உயிரும் காக்கப்பட வேண்டும்.

சொல்: தமிழும் தெலுங்கும் ஒரே மொழிக்குடும்பத்தைச் சேர்ந்தவை. 1816ஆம் ஆண்டு சென்னையில் எல்லிஸ் என்னும் ஆங்கிலேய அதிகாரி தென்னிந்திய மொழிகளின் உறவை எடுத்துக்காட்டினார். 1856இல் கால்டுவெல் அதனை விரிவாக நிறுவினார். நீங்கள் நாள்தோறும் பேசும் சொற்களே அதற்குச் சான்று:

ஊர் – ஊரு
பால் – பாலு
கண் – கன்னு
மூக்கு – முக்கு
செவி – செவி

இவை கடன் வாங்கிய சொற்கள் அல்ல. ஒரே தாயின் இரு மகளிர் வீட்டிலும் காணப்படும் பழைய பாத்திரங்கள் போன்றவை. இவையன்றி, ஒரு வீட்டிலிருந்து மறுவீட்டுக்குச் சென்ற சொற்களும் உண்டு. ‘பண்டிகை’, ‘சந்தடி’ ஆகியவை தெலுங்கிலிருந்து தமிழுக்கு வந்தவை.

7. வினாவுக்கு விடை

இனி, அம்மாணவியின் வினாவுக்கு வருவோம். அவள் வீடு எல்லைக்கு உள்ளே இருக்கிறதா, வெளியே இருக்கிறதா?

ஆட்சி எல்லையைக் கேட்டால் விடை எளிது: அவள் ஆந்திரப் பிரதேசத்துப் பெண். அதில் வருந்தவோ நாணவோ ஒன்றும் இல்லை. மொழி எல்லையைக் கேட்டால் அவள் வீடே எல்லை. காலையில் பாட்டி ‘எழுந்திரு கண்ணே’ என்று எழுப்பும்போது தமிழ்நிலம் அவள் வீட்டு வாசல்வரை வந்து நிற்கிறது. வாசலில் பால்காரர் தெலுங்கில் அழைக்கும்போது தெலுங்குநிலம் அங்கே தொடங்குகிறது. இரண்டுக்கும் மறுமொழி கூற அவளால் இயலும். சங்கத் தலைவன் பல காதம் நடந்து சென்று கேட்ட வேற்றுமொழியை அவள் வாசற்படியிலேயே கற்றாள்.

‘அரவம்’ என்போர்க்கும் ‘தெலுங்கு வாடை’ என்போர்க்கும் அவள் கூறத்தக்க விடை ஒன்றே: “எனக்கு இரண்டும் தெரியும்.” ஆனால் அவ்விடையைக் கூற இரண்டையும் அவள் மறவாதிருத்தல் வேண்டும். தெலுங்கைத் தெருவும் பள்ளியும் காக்கும். தமிழை வீடும் இந்தப் பயிற்சி ஏடுமே காக்க வேண்டும். வாரத்தில் சில பாடவேளைகளே நமக்கு உண்டு. எழுதாமல் விட்ட எழுத்து இரண்டு தலைமுறையில் மறையும். பாட்டியின் கடிதத்தைப் பேத்தி படிக்க இயலாத வீடுகளை இந்நகரிலேயே நான் கண்டிருக்கிறேன். ஆகவே நாள்தோறும் ஒரு பக்கமேனும் தமிழில் படியுங்கள். ஐந்து வரியேனும் எழுதுங்கள்.

சொல்லும் பொருளும்

வேனில் – கோடை
தேயம் – நாடு
முகடு – உச்சி
மறையோன் – அந்தணன்
திருமேனி – இறைவன் உருவம்
மதில் – சுற்றுச்சுவர்
காதம் – பழைய நீட்டலளவை
சந்தடி – ஆரவாரம்

இலக்கணம் அறிவோம்

(அ) திசைச்சொல்: தமிழ் வழங்கும் நிலத்தைச் சூழ்ந்த பிற நாடுகளிலிருந்து வந்து தமிழில் வழங்கும் சொல் திசைச்சொல் எனப்படும். எடுத்துக்காட்டு: பண்டிகை (தெலுங்கு), சாவி, சன்னல் (போர்ச்சுகீசியம்). நால்வகைச் சொற்களாவன: இயற்சொல், திரிசொல், திசைச்சொல், வடசொல். மொழிக்கு எல்லை வகுத்த இலக்கணமே, எல்லை கடந்து வரும் சொல்லுக்கும் இடம் வகுத்துள்ளது.

(ஆ) பண்புப்பெயர்ப் புணர்ச்சி: சித்தூர் என்னும் பெயர் ‘சிற்றூர்’ என்பதன் திரிபு என்பர். அது புணரும் முறை காண்க.

சிறுமை + ஊர்
சிறு + ஊர் (‘மை’ விகுதி கெட்டது: ஈறுபோதல்)
சிற்று + ஊர் (‘ற்’ இரட்டித்தது: தன்னொற்று இரட்டல்)
சிற்ற் + ஊர் (உயிர் வந்ததால் உகரம் கெட்டது)
சிற்றூர் (மெய்யும் உயிரும் இணைந்தன)

மதிப்பீடு

I. சரியான விடையைத் தேர்ந்தெழுதுக.

1. தொல்காப்பியச் சிறப்புப் பாயிரம் பாடியவர்
அ) மாமூலனார் ஆ) பனம்பாரனார் இ) கள்ளில் ஆத்திரையனார் ஈ) குலசேகரர்

2. திருத்தணி சென்னை மாநிலத்துடன் இணைந்த ஆண்டு
அ) 1911 ஆ) 1953 இ) 1956 ஈ) 1960

3. ‘மொழிபெயர் தேயம்’ என்பதன் பொருள்
அ) மொழியற்ற நாடு ஆ) பகைவர் நாடு இ) மொழி மாறும் நாடு ஈ) கடல் சூழ்ந்த நாடு

II. கோடிட்ட இடத்தை நிரப்புக.

1. வேங்கடத்தைத் தன்னகத்தே கொண்ட மலைத்தொடர் ________ எனப்படும்.
2. மழைநீரைப் பிரிக்கும் மலைமுகடு ________ எனப்படும்.
3. ஆரணியாறு ________ அருகே கடலில் கலக்கிறது.

III. பொருத்துக.

1. புல்லி – அ) நாகாலாந்து
2. அன்னமாச்சாரியார் – ஆ) வேங்கடத் தலைவன்
3. சாராமதி – இ) தாள்ளபாக்கம்
4. சாமவை – ஈ) வெள்ளித் திருமேனி

IV. இரண்டு வரிகளில் விடை எழுதுக.

1. நகரி மூக்கு அப்பெயர் பெற்றது ஏன்?
2. மலைகள் எல்லையாக அமைவதற்குரிய காரணங்கள் யாவை?
3. பாறைச் சரிவில் காணும் எல்லைக்கோடு நமக்கு உணர்த்துவது யாது?

V. பத்து வரிகளில் விடை எழுதுக.

1. எல்லையைக் கடப்பவை எவையென இப்பாடம் கூறுகிறது? உங்கள் தெருவிலிருந்து மேலும் இரண்டு எடுத்துக்காட்டுகள் தருக.
2. “வேங்கடம் மதில் அன்று, வாயில்.” இக்கருத்தைச் சங்கப் பாடற்செய்தி கொண்டு நிறுவுக. இதனோடு நீங்கள் உடன்படவில்லையெனில் அதற்கான காரணத்தை எழுதுக.

VI. பிரித்து எழுதிப் புணர்ச்சி விளக்கம் தருக.

1. புத்தூர் 2. சிற்றாறு

செயல்திட்டம்

1. உங்கள் வீட்டில் மூத்தவர் ஒருவரிடம், அவர் பிறந்தபோது அவ்வூர் எந்த மாவட்டத்தில், எந்த மாநிலத்தில் இருந்தது என்று கேளுங்கள். அவர் கூறியதை அவர் சொற்களிலேயே எழுதி வருக. பேச்சுவழக்கைத் திருத்த வேண்டா.

2. தமிழிலும் தெலுங்கிலும் ஒத்து ஒலிக்கும் பத்துச் சொற்களைத் தொகுக்க. தெலுங்குச் சொல்லைத் தெலுங்கு எழுத்தில் எழுத, அம்மொழி அறிந்த வகுப்புத் தோழர் ஒருவரின் துணையைப் பெறுக. அவருக்குத் தமிழ் எழுத்தில் அவர் பெயரை எழுதக் கற்றுக்கொடுத்து வருக.